உழுதவன் கணக்குப் பார்ப்போம்!

விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!



எங்கள் பகுதியில் கொஞ்ச நாள் முன்பு ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. மேடையில் இருந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 11,924 ரூபாய்." முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்தார். முக்கால் ஏக்கர் குத்தகை சாகுபடி செய்கிறவர். "அந்தச் சராசரிங்கிறவரு யாருங்கய்யா? எந்த ஊரு? ஒரு தடவை அவரைக் கண்ணால பார்க்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பதில் மட்டும் வரவில்லை.

அந்தப் பெரியம்மா கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தத் துண்டுப்பிரசுரம்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று நம் முன்னோர் சொன்னார்கள். வயிற்றெரிச்சலில் சொன்ன சொல் அது. அதையே "ஆகவே கணக்குப் பார்க்காதே" என்று நமக்கு உபதேசமாக்கிவிட்டார்கள். நாம் பார்க்காததால் நம் கணக்கையும் சேர்த்து வேறு யாரோ பார்க்கிறார்கள். அவர்கள் போட்ட கணக்கில் நாம் எல்லோரும் நல்லாத்தான் இருக்கிறோம்!

கடைமடைக்காரனுக்குத் தெரியும் சராசரி

ஒரு வாய்க்காலில் 11 வயல் பாசனம் என்று வைத்துக்கொள்வோம். தலைமடை வயலில் 30 அங்குலம் தண்ணீர். அடுத்த நாலு வயலில் நாலு நாலு அங்குலம். ஆறாவது வயலில் 2 அங்குலம். கடைசி அஞ்சு வயலுக்கும் சேர்த்தே 7 அங்குலம்தான். மொத்தம் 55 அங்குலம். பதினொன்றால் வகுத்தால் சராசரி 5 அங்குலம். "எல்லா வயலுக்கும் போதுமான தண்ணீர் போய்ச் சேர்ந்தது" என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் 5 அங்குலம் தண்ணீர் நிற்கிற வயல் ஒன்றுகூட அங்கே கிடையாது! ஒரு வயல் முழுகிக் கிடக்கிறது. பத்து வயல் சராசரிக்குக் கீழே கிடக்கிறது.

அப்படியென்றால் உண்மையை எப்படிப் பார்ப்பது? வயல்களைத் தண்ணீர் அளவுப்படி வரிசையாக நிறுத்தி, நட்டநடுவில் இருக்கும் ஆறாவது வயலைப் பார்க்க வேண்டும். அதில் 2 அங்குலம்தான். இதற்குப் புள்ளியியலில் இடைநிலை அளவு என்று பெயர். நாம் நடுவீட்டுக் கணக்கு என்று சொல்லிக்கொள்வோம். பங்கீடு சமமாக இருக்கிற இடத்தில் சராசரியும் நடுவீட்டுக் கணக்கும் பக்கம் பக்கமாக நிற்கும். மேலே ஒருத்தன் குவித்து வைத்திருந்தால் சராசரி மட்டும் மேலே ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அநியாயத்தின் அளவு.

நாட்டுக் கணக்கைப் பாருங்கள். தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நாலு ஆய்வாளர்கள் இந்தியாவின் நூறு வருட வருமானக் கணக்கைத் தொகுத்து 2024 மார்ச்சில் வெளியிட்டார்கள். அதன்படி 2022-23-ல் வயது வந்த ஒரு இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 2.3 லட்சம் ரூபாய். நடுவில் நிற்பவரின் வருமானம் சுமார் 1.05 லட்சம். கீழே உள்ள பாதிப் பேரின் சராசரி 71,000 ரூபாய். நூறு பேரைக் கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்தினால், அந்தச் "சராசரி இந்தியரை"ப் பார்க்கக் கிட்டத்தட்ட 90 பேரைத் தாண்டிப் போக வேண்டும்!

பெரியம்மாவுக்கு இப்போது பதில் சொல்லலாம். சராசரி நம்ம ஊர்க்காரர் இல்லைம்மா. மேலே நிற்கிற பத்துப் பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

நூறு பேர், நூறு மூட்டை

வருமானத்தை விட்டுவிட்டு, சேர்ந்திருக்கிற சொத்துக்கு வருவோம். நாட்டின் மொத்தச் சொத்தையும் களத்தில் அடுக்கிய 100 மூட்டை நெல் என்று வைப்போம். பங்கு போட நிற்பவர்கள் 100 பேர். மேற்சொன்ன ஆய்வின்படி 2022-23-ல் பங்கீடு இப்படி:

முதல் ஆள், ஒரே ஒருத்தர், 40 மூட்டை.
அடுத்த 9 பேருக்கு 25 மூட்டை.
நடுவில் உள்ள 40 பேருக்கு 28½ மூட்டை.
மீதி 50 பேருக்கும் சேர்த்து 6½ மூட்டைகூட இல்லை.

மூட்டை 60 கிலோ என்றால் முதல் ஆளுக்கு 2,400 கிலோ. கடைசி ஐம்பது பேரில் ஆளுக்கு 8 கிலோகூடத் தேறாது. களத்தில் சிந்தினதைக் கூட்டிப் பெருக்கி அள்ளினாலும் இதைவிட அதிகம் கிடைக்கும் ஐயா!

நிலமும் இப்படித்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு ஹெக்டேருக்குள் வைத்திருக்கும் குறுவிவசாயிகள் நூற்றுக்கு 68 பேர். அவர்கள் கையில் உள்ள நிலம் 24 சதவீதம். 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.57 சதவீதம்தான். அவர்களிடம் 9 சதவீத நிலம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகள் 93 சதவீதம். அவர்களிடம் 62 சதவீத நிலம்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நிலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைவிடப் பணத்தில், பங்குப் பத்திரத்தில், கம்பெனிச் சொத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு பல மடங்கு பெரியது. காரணம் என்ன? நிலத்துக்கு உச்சவரம்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1961-ல் 30 தர ஏக்கர் என்று வைத்து, 1970-ல் 15 தர ஏக்கராகக் குறைத்தார்கள். ஓட்டைகள் இருந்தன, பினாமிகள் இருந்தார்கள். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருந்தது. பணத்துக்கு எந்த உச்சவரம்பு இருக்கிறது?

"உலகத்தில் நாலாவது சமத்துவ நாடு"

2025 ஜூலையில் மத்திய அரசு ஒரு செய்தி வெளியிட்டது. சமத்துவத்தில் இந்தியா உலகத்திலேயே நாலாவது இடமாம்! ஜினி எண் 25.5 என்று உலக வங்கி சொல்லிவிட்டதாம்.

ஜினி எண் என்றால் ஒன்றும் பயப்பட வேண்டாம். கொராடோ ஜினி என்ற இத்தாலிக்காரர் 1912-ல் கொடுத்த அளவுகோல். எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0. ஒருத்தனே எல்லாவற்றையும் வைத்திருந்தால் 100. அளவுகோல் சரிதான். எதை அளந்தார்கள் என்பதில்தான் தில்லுமுல்லு. இந்த 25.5 நம் வருமானத்தை அளந்து வந்ததல்ல, சொத்தை அளந்து வந்ததும் அல்ல. குடும்பங்கள் செய்த செலவை அளந்தது.

ஒரு குடும்பம் மாதம் 8,000 சம்பாதிக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல். 2,000 கைமாற்று வாங்கி 10,000 செலவு செய்கிறது. இன்னொரு குடும்பம் 10 லட்சம் சம்பாதித்து, 1 லட்சம் செலவு செய்து, 9 லட்சத்தைச் சேர்த்து வைக்கிறது. செலவை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பத்து மடங்கு. வருமானத்தை வைத்துப் பார்த்தால் 125 மடங்கு! பெரிய பணக்காரன் எவ்வளவுதான் சாப்பிடுவான்? அவன் வயிறும் சாண் வயிறுதானே. சாப்பிட்டது போக மிச்சம் எங்கே போகிறது என்பதல்லவா கேள்வி. அதுவும் நாம் கடன்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கட்டினால் செலவு கூடும். அந்தக் கணக்கில் நாம் முன்னேறிவிட்டோம்!

செலவை அளந்து வந்த நம் எண்ணை, பல நாடுகளில் வருமானத்தை அளந்து வந்த எண்ணோடு ஒரே வரிசையில் நிறுத்தி நாலாம் பரிசு வாங்கிக்கொண்டார்கள். எருமையை லிட்டரிலும் பசுவை கிலோவிலும் அளந்து போட்டி வைத்த கதை. அதே உலக வங்கியின் அதே குறிப்பில், இந்தியாவின் வருமான ஜினி எண் 2004-ல் 52 ஆக இருந்து 2023-ல் 62 ஆக ஏறியதாக உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் காட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியை அரசு செய்தியில் ஏன் காணோம்?

கூட்டல்காரனும் பெருக்கல்காரனும்

"அவன் திறமைசாலி, சம்பாதிக்கிறான். நீங்கள் சோம்பேறி" என்று சிலர் சொல்வார்கள். கோபப்படாமல் ஒரு கணக்குப் போடுவோம்.

கையில் 100 ரூபாய். முழுவதையும் வெள்ளாமையில் போடுகிறோம். இந்தப் போகம் 20 சதவீத லாபம். 120 ஆகிறது. அடுத்த போகம் 20 சதவீத நஷ்டம். 120-ல் 24 போனால் 96. "லாபமும் 20, நஷ்டமும் 20, சரியாப் போச்சு" என்பார்கள். சரியாகப் போகவில்லை, நாலு ரூபாய் போய்விட்டது! இப்படி நல்ல போகம் பத்து, கெட்ட போகம் பத்து என்று இருபது போகம் பார்த்தால் 100 ரூபாய் 66 ரூபாயாகிவிடும்.

இப்போது வசதிக்காரர் ஒருவர். அதே வெள்ளாமை, அதே மழை, அதே நஷ்டம். ஆனால் அவர் கைமுதலில் பத்தில் ஒரு பங்கைத்தான் வயலில் போடுகிறார். மீதி பத்திரமாக இருக்கிறது. இருபது போகம் கழித்து அவர் கையில் 99 ரூபாய் 60 காசு நிற்கும். அவர் நம்மைவிட ஒரு படி நெல்கூட அதிகம் விளைவிக்கவில்லை. திறமையும் சமம், அதிர்ஷ்டமும் சமம். நாம் பாதி நிலத்தை விற்க வேண்டிய நேரத்தில் அவர் அதை வாங்குகிற நிலையில் இருப்பார். இத்தனைக்கும் நாம் வாங்கிய மூணு வட்டிக் கடனை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நூற்றுக்கு மாதம் மூணு ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். எந்தப் பயிரய்யா 36 சதவீதம் விளையும்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவன விஞ்ஞானிகளும் வெளிநாட்டு இயற்பியலாளர்களும் 2000-ம் ஆண்டு வாக்கிலேயே இந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் சமமாக ஆரம்பித்து, ஏமாற்று ஏதும் இல்லாமல் கொடுக்கல் வாங்கல் செய்தாலும், செல்வம் சமமாக நிற்பதில்லை. இளைத்தவனின் கைமுதல் அளவுக்குப் பந்தயம் கட்டி ஆடுகிற ஆட்டமானால், கடைசியில் எல்லாம் ஒருத்தன் கையிலேயே போய்ச் சேருகிறது. அதே நேரம் அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ஒவ்வொருவரும் கைமுதலில் ஒரு பகுதியை ஆட்டத்தில் வைக்காமல் காப்பாற்றிக்கொள்ள முடிந்தால், ஒன்றுமில்லாமல் போகிறவர் எண்ணிக்கை குறைகிறது.

தோழர்களே, இதை நன்றாக யோசியுங்கள்! நாம் கேட்கிற கட்டுப்படியான விலை, பயிர் இழப்பீடு, வட்டியில்லாக் கடன் எல்லாம் பிச்சையோ சலுகையோ அல்ல. கெட்ட போகத்தில் நம் விதைமுதல் அழியாமல் காக்கும் வரப்பு அது. வரப்பை உடைத்துவிட்டு "தண்ணீர் ஏன் நிற்கவில்லை" என்று நம்மையே கேட்கிறார்கள்.

இயற்கை விதியாமே?

பரேட்டோ என்ற இத்தாலிப் பொருளியலாளர் 1890-களில் பல நாட்டு வரிக் கணக்குகளைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் மேலே சிலரிடம் குவிந்து, ஒரே மாதிரி வளைவாக இறங்குவதைக் கண்டார். அன்றிலிருந்து சிலருக்கு அது வசதியாகப் போயிற்று. "பார்த்தீர்களா, இது இயற்கை, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள்.

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும் என்பதும் இயற்கைதான். அதற்காகக் கரிகாலன் கல்லணை கட்டாமல் விட்டானா?

வளைவு எங்கும் இருக்கலாம். அது எவ்வளவு செங்குத்து என்பது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இந்தியாவில் மேல்மட்ட 1 சதவீதம் பேர் எடுத்த வருமானப் பங்கு 1980-களின் தொடக்கத்தில் சுமார் 6 சதவீதம். 2022-23-ல் 22.6 சதவீதம். நாற்பது வருடத்தில் இயற்கை மாறிவிட்டதா? மாறியது சட்டம். வாரிசுச் சொத்து மீதான வரியை 1985-ல் எடுத்தார்கள். சொத்து வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாக வெட்டினார்கள்; அதனால் ஒரு வருடத்தில் 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது.

2014-15 முதல் 2022-23 வரை வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2023-ல் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். அதில் 7.40 லட்சம் கோடி பெருந்தொழில், சேவை நிறுவனங்களின் கடன். "இது தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும்" என்பார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். அதே மரியாதை நமக்கு உண்டா? நகைக்கடன் தவணை தவறினால் நம் வீட்டுக்கு வருவது ஏல நோட்டீஸ்தானே?

நம் வீட்டுக் கணக்கு

மத்திய அரசின் மாதிரி ஆய்வு, 2018-19-ம் ஆண்டுக்கானது, 2021-ல் வெளிவந்தது. இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் சராசரி 10,218 ரூபாய். அஞ்சு பேர் வீட்டில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 68 ரூபாய். வீட்டாள் உழைப்பு, வீட்டு விதை, எரு இவற்றுக்கும் விலை போட்டுக் கழித்தால் 8,337 ஆகிவிடுகிறது.

அந்த 10,218-ல் பயிரிலிருந்து வந்தது 3,798. கூலி, சம்பளத்தில் வந்தது 4,063. புரிகிறதா? விவசாயி என்று பெயர், வாழ்வது கூலியில்! 2012-13-ல் வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது பயிரிலிருந்து வந்தது. ஆறே வருடத்தில் 37 சதவீதமாகச் சரிந்தது. இதுவும் சராசரிதான். நடுவீட்டுக் கணக்கு இதற்கும் கீழே.

நெல்லுக்கு 2025-26-ல் மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369. மாநில அரசு 131 சேர்த்து 2,500 கொடுத்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் சொன்ன 'செலவுக்கு மேல் 50 சதவீதம்' என்பதை, நிலவாடகையும் முதலுக்கு வட்டியும் சேர்த்த முழுச் செலவுக்குப் போட்டுப் பார்த்தால், விவசாய சங்கங்களின் கணக்குப்படி 3,135 வர வேண்டும். மாநில ஊக்கத்தொகைக்குப் பிறகும் குவிண்டாலுக்கு 635 ரூபாய் துண்டு விழுகிறது. ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் 15,875 ரூபாய். இதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு வருடத்துக்கு 6,000 உதவித்தொகை தருகிறார்கள். நாளுக்கு 16 ரூபாய்! அதுவும் பட்டா உள்ளவருக்குத்தான். குத்தகை சாகுபடி செய்கிற அந்தப் பெரியம்மாவுக்கு அதுவும் கிடையாது.

நம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். நடவுக்கு வரும் பெண்ணுக்குக் கூலி என்றால் நாமும் "ஊர் வழக்கம்" பேசுகிறோம். மேலே உள்ளவன் நமக்குச் செய்வதை நாம் கீழே உள்ளவருக்குச் செய்யக் கூடாது. அஞ்சு ஏக்கர்காரரும் அரை ஏக்கர்காரரும், நிலமில்லாத கூலித் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்த 40 மூட்டையை அள்ளிக்கொண்டு போனவர் நம் ஊரிலேயே இல்லை.

நாம் கேட்பது

1. விவசாயிகள் வருமானத்தைச் சொல்லும் அரசு அறிக்கை எதிலும், சராசரியோடு நடுவீட்டுக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நில அளவு வாரியாக, மாவட்டம் வாரியாகச் சொல்ல வேண்டும்.

2. முழுச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்த விலையைச் சட்டப்படி உறுதி செய்ய வேண்டும்.

3. குத்தகை சாகுபடியாளர், பெண் விவசாயிகள் அனைவரையும் பதிவு செய்து கடன், காப்பீடு, நிவாரணம் வழங்க வேண்டும்.

4. பெரும் சொத்துகள் மீது சொத்து வரியும் வாரிசு வரியும் மீண்டும் கொண்டுவர வேண்டும். சாகுபடி நிலத்துக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும்.

நாம் செய்வது

கோரிக்கை வைத்தால் மட்டும் போதாது. அடுத்த ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு வீடும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். உழவு, விதை, உரம், நடவு, களை, அறுவடை, வண்டி வாடகை, வட்டி, வீட்டாள் வேலை நாள் எல்லாம் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் வந்த பணத்தை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். நோட்டுகளைக் கிளைச் சங்கத்தில் சேர்த்து, குறைந்த வருமானத்திலிருந்து கூடின வருமானம் வரை வரிசையாக அடுக்குவோம். நடுவில் வரும் நோட்டை எடுப்போம். அதுதான் நம் ஊரின் உண்மை. வீட்டுப் பெயர் வெளியே வராது. எண் மட்டும் வரும்.

ஊர் ஊராக அந்த எண்களை எழுதிய தட்டிகளோடு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊர்வலமாகப் போவோம். நாளைக் கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து சொல்வார்கள். அன்றைக்கு மேடையில் யாராவது சராசரி படித்தால், நாம் நம் நோட்டைப் படிப்போம்.

முடியுமா என்று கேட்காதீர்கள். 2020 நவம்பரில் டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் வெயிலிலும் குளிரிலும் ஒரு வருடம் எழுந்திருக்கவில்லை. 2021-ல் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாமல் இருக்கலாம். ஆனால் உழுதவர்கள் எல்லோரும் சேர்ந்து கணக்குப் பார்த்தால், உழக்கை எடுத்தவன் யாரென்று தெரிந்துவிடும்!

நோட்டோடு வாருங்கள்! குடும்பத்தோடு வாருங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்